பாப்பா ஐந்து நாள் நடப்பாளா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் குழந்தைகளோடு நடைப்பயணம் போவது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்துதான். எல்லாவற்றுக்கும் இடம் இல்லை. பலரும் கேட்டிருந்த ஐந்தை எடுத்துக்கொண்டேன். முதல் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து வருவதாக என் வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டிருக்கிறார். காட்பாடியிலிருந்து எங்கள் தெருக்காரர்களோடு சேர்ந்து ஐந்து நாளில் போவதாகத் திட்டம். எங்கள் மகளுக்கு ஐந்தரை வயது. அவளையும் நடத்திக் கூட்டிப்போக முடியுமா? இப்போது ஆனி மாதம்தான், இன்னும் மூன்று மாதம் கையில் இருக்கிறது. எப்படித் தயார் செய்வது? – ஒரு தாய், காட்பாடி

முழுத் தூரமும் நடக்க வைக்காதீர்கள், சகோதரி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்பாடியிலிருந்து சித்தூர், சந்திரகிரி வழியாகத் திருப்பதி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வருகிறது. ஐந்து நாள் என்றால் ஒரு நாளைக்கு இருபது. பெரியவர்களுக்கே மூன்றாம் நாள் கால் கெஞ்சும். ஆனால் அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம். தினமும் கொஞ்சம் நடக்கவும் வைக்கலாம், அவளும் "நான் நடந்து வந்தேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு இந்த மூன்று மாதம் தாராளம்.

பெற்றோர் எல்லாரும் என்னிடம் கேட்பது "குழந்தை எத்தனை கிலோமீட்டர் நடக்கும்" என்றுதான். ஐந்து வயதுக் குழந்தை ஒரே நாளில் ஆறு கிலோமீட்டர்கூட நடந்துவிடும், கல்யாண வீட்டில் ஓடுவதைக் கூட்டிப் பார்த்தால் அதைவிட அதிகம் வரும். அன்றைக்கு நடந்துவிட்டு மறுநாள் காலை எழுந்து மறுபடி நடக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் காலையில்தான் உண்மை தெரியும்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். என் மகனுக்கு ஆறு வயது இருக்கும்போது வள்ளிமலைக்கு இரண்டு நாளாக நடந்து போனோம். சேர்க்காடு வரை பஸ், அங்கிருந்து நடை, இரவு மேல்பாடியில் உறவினர் வீடு. முதல் நாள் எங்களுக்கு முன்னால் ஓடினான். வழியில் ஆடு மேய்த்தவரிடம் குட்டியைத் தூக்கிப் பார்க்கக் கேட்டான், வாய்க்கால் ஓரம் நண்டு வளையைக் குச்சியால் நோண்டினான், ஒரு முறைகூடக் கால் வலி என்று சொல்லவில்லை. மறுநாள் காலை திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஷூவைப் போடமாட்டேன் என்று விட்டான். அடம் என்று நினைத்து நானும் கோபித்துக்கொண்டேன். அப்புறம் என் மாமியார்தான் அவன் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தார். சுண்டு விரல் ஓரத்தில், சாக்ஸின் தையல் அழுத்திய இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம். முந்தின நாளே சிவந்திருக்கும். விளையாட்டு மும்முரத்தில் அவனுக்குத் தெரியவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. அந்த மிளகு அளவுக் கொப்புளத்தால் மீதி வழியை அவன் அப்பா தோளில்தான் கடந்தான்.

அதனால் பயிற்சியை எப்போதும் இரண்டு நாளாகச் செய்யுங்கள், சனியும் ஞாயிறும் விடாமல். ஒரு நாள் மட்டும் நடத்திப் பார்ப்பது கணக்கில் வராது. முதல் மூன்று வாரம் இரண்டு இரண்டு கிலோமீட்டர் போதும். காலையில் கோட்டை மைதானத்துக்குக் கூட்டிப்போய் நடந்துவிட்டு, ஜலகண்டேஸ்வரரைப் பார்த்துவிட்டு வந்தாலே ஆயிற்று. அப்புறம் மூன்று, நான்கு என்று ஏற்றுங்கள். நான்கு கிலோமீட்டர் இரண்டு நாளும் நடந்து, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குச் சாதாரணமாகக் கிளம்பினாள் என்றால் நல்ல அறிகுறி. திங்கட்கிழமை சிடுசிடுத்தாலோ, வகுப்பில் தூங்கினாள் என்று டீச்சர் சொன்னாலோ அடுத்த வாரம் குறைத்துவிடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் எதுவும் வேண்டாம், சும்மா விடுங்கள்.

படி ஏறும் பழக்கம் தனி. அதற்கு முதலில் வள்ளிமலை, ஆவணி வாக்கில் சோளிங்கர். சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி. அங்கே 2024-இல் இருந்து ரோப்கார் ஓடுகிறது. ஏறும்போது நடந்து, இறங்கும்போது அதில் வரலாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் சின்ன முட்டிகளுக்குக் கஷ்டம், குழந்தைகள் தடுக்கி விழுவதும் இறங்கும்போதுதான்.

ஷூ இப்போதே வாங்குங்கள். கிளம்பும் வாரம் புது ஷூ வாங்குவதைப் போலத் தவறு வேறு இல்லை. நிற்கும்போது முன்னால் அவள் கட்டைவிரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சாக்ஸைத் திருப்பிப் பார்த்து, தையல் தடித்திருந்தால் வேண்டாம். வியர்வையில் நனைந்த சாக்ஸை மாற்ற நாளுக்கு மூன்று ஜோடியாவது வேண்டும். நடக்கும்போது மணிக்கு ஒரு முறை ஷூவைக் கழற்றிக் காலைப் பாருங்கள், வலிக்கிறதா என்று கேட்காமலே பாருங்கள். சிவந்திருந்தால் அப்போதே மருந்துக்கடைப் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டால் கொப்புளம் ஆகாது. கொப்புளம் வந்துவிட்டால் குத்தி உடைக்காதீர்கள்.

வெறுங்காலோடு நடப்பது பெரியவர்கள் வேண்டுதலாக இருக்கலாம், அவளுக்கு வேண்டாம். புரட்டாசியிலும் நம் பக்கத்து வெயிலில் பத்து மணிக்குத் தார்ச்சாலை கொதிக்கும். புறங்கையைத் தாரில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் ஷூ போட்டிருந்தாலும் அவள் அதில் நடக்கக் கூடாது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு வியர்வை குறைவு, அவர்கள் உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும்.

பயண நாட்களுக்கு என் யோசனை இது. அவள் நடை காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரைதான். நான்கு கிலோமீட்டர் வரும், ஒரு நாள் மூன்றே வந்தாலும் சரி. அப்புறம் அவளும் உங்களில் ஒருவரும் காரிலோ பஸ்ஸிலோ அன்றைய இரவு தங்கும் ஊருக்குப் போய்விட வேண்டும். குழுவோடு சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு டாடா ஏஸ் வரும், அதன் பின்னால் குழந்தையை உட்கார வைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். வேண்டுதல் உங்கள் வீட்டுக்காரருடையது, அவர் முழுதும் நடக்கட்டும்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். இந்த வயதுக்கு ஒரு நாளைக்குப் பத்து முதல் பதிமூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து. காலை ஐந்துக்கு எழுப்ப வேண்டுமானால் இரவு ஏழரைக்குப் படுக்க வைத்தாக வேண்டும். குழுவோடு மண்டபத்தில் தங்கினால் பத்து மணி வரை பஜனையும் மைக்கும் ஓயாது. அவள் தூங்க லாட்ஜிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஓர் அறை முன்கூட்டியே பேசி வையுங்கள். மற்ற செலவில் சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

சாலையில் வண்டிகள் எதிரே வரும் பக்கமாக, அதாவது வலது ஓரமாக நடங்கள். பின்னால் வரும் லாரியைப் பார்க்க முடியாது, எதிரே வருவதைப் பார்த்து ஒதுங்கலாம். விடியும் முன் நடந்தால் அவள் சட்டையிலும் உங்கள் பையிலும் ஒளிரும் பட்டை இருக்கட்டும். கிராமத்து வழி இருந்தால் கொஞ்சம் சுற்றானாலும் அதில் போங்கள்.

கடைசியாக மலை. அலிபிரி வழியில் 3550 படி, ஒன்பது கிலோமீட்டர். சந்திரகிரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஸ்ரீவாரி மெட்டு கிட்டே, 2388 படி, தூரம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஆனால் செங்குத்து. சோளிங்கரில் பழகிய குழந்தைக்கு ஸ்ரீவாரி மெட்டையே சொல்வேன். விடிந்ததும் ஏறத் தொடங்கிப் பத்துப் படிக்கு ஒரு முறை நின்றாலும் வெயில் ஏறும் முன் மேலே போய்விடலாம். 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை தூக்கிச் சென்று கொன்றது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு குழந்தைகளோடு ஏறுகிறவர்களுக்கு மதியத்துக்கு மேல் தேவஸ்தானம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கிளம்பும் முன் அப்போதைய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மலைப் பாதையில் அவள் எப்போதும் உங்கள் இருவருக்கும் நடுவில்தான், கைக்கு எட்டும் தூரத்தில். பத்துப் படி முன்னால் ஓட விடாதீர்கள்.

புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. உங்கள் போன் நம்பரை அவள் மணிக்கட்டின் உட்பக்கம் பேனாவால் எழுதி, தினமும் காலை அதை மறுபடி அழுத்தி எழுதுங்கள். அதற்குள் மனப்பாடமும் செய்ய வையுங்கள். அங்கே தெலுங்கு பேசுகிறவர் கையில் குழந்தை கிடைத்தாலும் நம்பரை அவரால் படிக்க முடியும்.

கேள்வி: என் பையனுக்கு நான்கு வயது. அரை கிலோமீட்டர் போனதும் "நைனா, தூக்கு" என்று கையை நீட்டி நின்றுவிடுகிறான். பழக்குவது எப்படி? – ஒரு தந்தை, ஆம்பூர்

தூக்குங்கள். நான்கு வயதுக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் அவன் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், அரை கிலோமீட்டரில் நிற்கிறான் என்று தெரிந்துவிட்டதே, நானூறு மீட்டரிலேயே நீங்களாக உட்காருங்கள். தண்ணீர் கொடுங்கள், ஒரு துண்டு கடலை மிட்டாய் கொடுங்கள், ஐந்து நிமிடம் கல் பொறுக்கட்டும். பாதிக்குப் பாதி பசியாகவோ சலிப்பாகவோ இருக்கும், கால் வலியாக இருக்காது.

சலிப்புக்கு எங்கள் வீட்டில் செய்தது கிலோமீட்டர் கல் விளையாட்டு. தேசிய நெடுஞ்சாலைக் கல்லின் தலை மஞ்சளாக இருக்கும், மாநில நெடுஞ்சாலையில் பச்சை, கிராமச் சாலையில் ஆரஞ்சு. அடுத்த கல் என்ன நிறம், அதில் என்ன எண் என்று பந்தயம் வைத்தால் எண் தெரிந்த குழந்தை தானாக ஓடும். நான்கு வயதுக்கு நிறம் போதும்.

கேள்வி: எனக்கும் என் நண்பருக்கும் ஏழு வயதில் ஆளுக்கொரு பையன். ஜவ்வாது மலையில் மூன்று நாள் காட்டு வழியாக நடந்து, டென்ட் போட்டுத் தங்க ஆசை. மார்கழியில் போகலாமா? – சத்துவாச்சாரி வாசகர்

மார்கழி நல்ல காலம். டென்டைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் உங்கள் விருப்பத்துக்கு நுழைந்து தங்க முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் அத்தனை பேர் இறந்த பிறகு விதிகளைக் கடுமையாக்கினார்கள், அது நம் நல்லதுக்குத்தான். 2024 அக்டோபரில் இருந்து வனத்துறையே வழிகாட்டியோடு சில பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு வைத்திருக்கிறது. கோடையில், தீ பிடிக்கும் காலத்தில் மூடிவிடுவார்கள். குழந்தைகளுக்கான வயது விதியைப் பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள். ஜவ்வாது மலையில் கரடி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜமுனாமரத்தூரில் ஓர் அறை எடுத்து, மூன்று இரவும் அதே படுக்கையில் பிள்ளைகளைத் தூங்க வைத்து, பகலில் நடப்பேன். முதல் நாள் கோலப்பன் ஏரிக் கரை, சும்மா. இரண்டாம் நாள் உள்ளூர் மலைக்காரர் ஒருவரை வழிக்கு வைத்துக்கொண்டு பீமன் மடவு அருவி. மூன்றாம் நாள் காவலூர் பக்கம். அங்கே உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, ஏழு வயதுப் பையனுக்கு அந்த வெள்ளைக் குவிமாடத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நடப்பதே பெரிய இழுப்பு. உள்ளே போகப் பார்வையாளர் நாள் எது என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஒரே இடத்தில் தங்குவதால் சாமான் சுமக்க வேண்டாம், ஒரு பிள்ளைக்கு முடியவில்லை என்றால் ஓர் அப்பா அவனோடு அறையில் இருந்துவிடலாம், திட்டமும் கெடாது.

பையன்கள் தங்களுக்கென்று ஒரு பை கேட்பார்கள். கொடுங்கள், அவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். இருபது கிலோ பையனுக்கு இரண்டு கிலோ. தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒரு விசில். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊத வேண்டும், நடக்கக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள், ஒளிந்து விளையாடுவது மாதிரி.

அங்கே மார்கழி இரவு வேலூர் இரவு மாதிரி இருக்காது. ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட, பனியன், முழுக்கைச் சட்டை, மேலே ஒரு மெல்லிய ஸ்வெட்டர் என்று அடுக்காகப் போடுவது மேல், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மலை ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் அன்றைக்கு நடை வேண்டாம்.

பாம்பு கடித்தால், கடித்த இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது, குழந்தையை நடக்க வைக்காமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் தூக்கிக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டு நேரே ஆஸ்பத்திரி. மலையில் சில இடங்களில் சிக்னல் இருக்காது, எந்த இடத்தில் கிடைக்கிறது என்று வழிகாட்டியிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கேள்வி: என் பேத்தி பெற்றோரோடு நாலு நாள் நடைப்பயணம் போகிறாள். வழியில் கண்டதைத் தின்னாமல் இருக்க என்ன செய்து கொடுத்தனுப்பலாம்? – ஓர் ஆயா, ஆற்காடு

உங்களைப் போல ஆயா இருக்கிற வீட்டுக்குக் கவலையே இல்லை. முதல் நாளுக்குப் புளியோதரை, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும், அனுப்பாதீர்கள். நாலு நாளும் தாங்குவதற்குப் பொருவிளங்கா உருண்டை, ஆனால் சின்னப் பல்லுக்கு ஏற்றமாதிரி கல்லாக இறுகாமல், சின்னதாகப் பிடியுங்கள். கேழ்வரகு மாவை வறுத்து, வெல்லப் பொடி கலந்து ஒரு டப்பா. எங்கே வெந்நீர் கிடைத்தாலும் கரைத்துக் கொடுத்துவிடலாம். அவித்த மல்லாட்டையும் நல்லதுதான், அன்றைக்கே தின்றுவிட வேண்டும், அதுவும் உட்கார்ந்துதான். ஓடிக்கொண்டே கொட்டையை வாயில் போட்டால் புரை ஏறி மூச்சடைக்கும்.

புதுப் பலகாரம் எதையும் முதல் முறையாக வழியில் கொடுக்க வேண்டாம். போகும் முன்பே இரண்டு மூன்று முறை வீட்டில் கொடுத்து, வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீரைக் கால் மணிக்கு ஒரு முறை நாலு வாய் குடிக்கச் சொல்லுங்கள், தாகம் என்று அவள் சொல்ல மாட்டாள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, ஆறு மணி நேரமாகப் போகவே இல்லை என்றாலோ நடையை நிறுத்திவிட வேண்டும். ஓஆர்எஸ் பொடி நாலைந்து பாக்கெட் வைத்தனுப்புங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பாதிப் பொடியைக் கண்ணளவாகக் கரைப்பது தவறு. கடையில் டெட்ரா பேக்கில் வரும் இனிப்புத் தண்ணீர் அதற்கு மாற்று ஆகாது.

கேள்வி: போன வருடம் மலைப் பக்கம் நடந்துவிட்டு வந்த பத்தாம் நாள் குழந்தைக்கு விடாத காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று நாலு நாள் விட்டுவிட்டோம், கடைசியில் ஸ்க்ரப் டைபஸ் என்றார்கள். இந்த வருடம் போக மனைவி பயப்படுகிறாள். – வாலாஜா வாசகர்

அவங்க பயம் நியாயமானது. நம் வேலூர் வட்டாரத்தில் மழைக்காலத்துக்குப் பிறகு, பனிக்காலத்தில், இந்தக் காய்ச்சல் அதிகம். புதரிலும் உயர்ந்த புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்பூச்சி கடிப்பதால் வருகிறது. கடித்து ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும், தாமதித்தால்தான் ஆபத்து.

போகலாம், ஆனால் இப்படிப் போங்கள். முழுக்கால் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். புல்லில் நேராக உட்கார வைக்காதீர்கள், ஒரு பிளாஸ்டிக் விரிப்பு பையில் இருக்கட்டும். துணியைக் கழற்றிப் புதர் மேல் காயப்போடாதீர்கள். தங்குமிடம் வந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, போட்டிருந்த துணி முழுவதையும் தனியாகக் கட்டி வையுங்கள்.

வந்த பிறகு மூன்று வாரம் கவனியுங்கள். காய்ச்சல் வந்தால் அக்குள், தொடை இடுக்கு, முட்டியின் பின்பக்கம், இடுப்பில் பேன்ட் இறுக்கும் இடம், காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். பீடி நெருப்புச் சுட்டமாதிரி கறுத்த பொருக்கோடு ஒரு சின்னப் புண் இருக்கலாம், வலிக்காது, அதனால் குழந்தை சொல்லாது. புண் இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும். எப்படியானாலும் டாக்டரிடம் போய் உட்கார்ந்ததும், "இத்தனை நாளைக்கு முன் இந்த மலைக்குப் போய் வந்தோம்" என்று அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.